நான்கு ஆட்டங்கள் ஆடிய வால்லி கூச்யூ

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், மெல்போர்ன் நகரின் கார்ல்டன் கிளப்புக்காக 1908-இல் நான்கே நான்கு ஆட்டங்கள் ஆடியவர் வால்லி கூச்யூ. சீனத் தந்தைக்கும் நார்வே நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர் அணியில் இடம்பெற்றதைப் பொறுக்காத ரசிகர் ஒருவர், வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு இது பேரிடி என்று சொல்லித் தம் சீசன் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிய செய்தியோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தச் செய்தி சிறியதன்று. 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துறைமுகத்தில் வந்திறங்கியவரிடம் அதிகாரி 50 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை வாசித்து, அதைக் கேட்டு எழுதச் சொல்ல முடிந்தது. மொழியைத் தேர்ந்தெடுத்தது அதிகாரி என்பதால், வந்தவர் அறியாத மொழியில் வாசித்தே அவரைத் திருப்பி அனுப்பிவிட முடிந்தது. சட்டமே இப்படி ஆள் பார்த்து வடிகட்டிய காலத்தில்தான், சீனப் பெயர் தாங்கிய ஓர் இளைஞர் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கார்ல்டனின் சட்டையோடு களமிறங்கினார்.

எந்த அணியில் இடம்பிடித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடிய ஜாக் வொரல் பயிற்றுவித்த கார்ல்டன், 1906-இலும் 1907-இலும் பட்டம் வென்றிருந்தது. 1908-இல் 18 லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்று, இறுதி ஆட்டத்தில் எசண்டன் அணியை 9 புள்ளிகளில் வீழ்த்தி மூன்றாம் முறையும் வென்றது. அன்று ஓர் அணிக்கு 18 பேர்தான், மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவர் காயம்பட்டு வெளியேறினால் மீதி 17 பேரோடுதான் ஆட்டத்தை முடிக்க வேண்டும். அந்நிலையில் தகுதி குறைந்தவரைப் பரிவுக்காகச் சேர்த்துப் பார்க்க எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார்.

நான்கு ஆட்டங்களோடு அவர் நின்றதற்கு இனவெறுப்பே காரணம் என்று ஆதாரமின்றி முடிவு கட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வென்றுகொண்டே இருந்த அணியில் இடம் கிடைப்பதே அரிது, கிடைத்த இடம் நிலைப்பது அதனினும் அரிது. அந்த லீக்கில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய ஆட்டங்களோடு முடிந்துபோன வெள்ளையர்களும் ஏராளம். கூச்யூவை அறிமுகப்படுத்தும் முதல் வரியில் அந்தக் கார்ல்டன் அணியும் அவரைத் தேர்ந்தெடுத்த வொரலின் காலமும் இடம்பெறட்டும். டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியவர் அதற்குப் பிறகு வரட்டும்.