பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்
ஆசிரியர் மாணவரின் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் விழித்திருக்கும் என்பார்கள். பாதிதான் சரி. ‘குமார், 3/4 பெரியதா, 2/3 பெரியதா?’ என்று பெயரை முன்னால் போட்டால் குமார் மட்டும்தான் யோசிப்பான், மற்ற 39 பேருக்கும் அப்பாடா! கேள்வியை முதலில் வையுங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அப்புறம் பெயர். 1970-களில் அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ ஆராய்ந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்கவில்லை. அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. சொல்ல எளிது, அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். பலர் இரண்டாவது விநாடியிலேயே கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் பாதி யோசனையைப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. ‘தெரியாது சார்’ என்று வந்தால் அங்கேயே விடாதீர்கள். இன்னொருவரிடம் பதில் வாங்கிவிட்டு அதே பையனிடம் திரும்பி வந்து, ‘ஏன் 3/4?’ என்று காரணத்தை மட்டும் கேளுங்கள். இதற்காகப் பிள்ளைகள் கை தூக்குவதையே ஒழிக்க வேண்டியதில்லை, சந்தேகம் கேட்க அது இருக்கட்டும். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடக் கேள்விக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் வீண்.