அறுக்கும் முன்பே வரைந்த படம்

1996. பி.எஸ்ஸி. விலங்கியல் முதலாண்டு. ஒரு காலையில் ஆய்வகத்துக்கு ஈரச் சாக்கு ஒன்று வந்தது. உள்ளே வயல் தவளைகள்; சாக்கு தானாக அசைந்தது. குளோரோபார்ம் போட்டு, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தினோம். வயிற்றின் நடுவே ஓடும் சிரையில் படாமல் கத்தரிக்க வேண்டும். என் கத்தரி பட்டுவிட்டது. தட்டு நிறைய ரத்தம், அதற்குள் இதயம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. "இன்னொன்று எடுத்துக்கொள்" என்றார் ஆசிரியர். எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை முந்தின வாரமே சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து ரெக்கார்டில் வரைந்து, பாகம் குறித்து, கையெழுத்தும் வாங்கியிருந்தேன். விடை நோட்டில் இருந்தது. பிறகு எதற்கு அந்த இரண்டு தவளைகள்?

இதை இன்றைய கருணை உணர்ச்சி என்று தள்ளிவிட வேண்டாம். மாநிலங்களவையில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகத் தொடங்கிவைத்த முயற்சிதான் 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டமானது. அதன் 17-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். புத்தகம், மாதிரி உரு, திரைப்படம் போதும் என்றால் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும், வெறும் கைப்பழக்கத்துக்காகச் செய்வதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்கிறது. (பெரிய விலங்குக்குப் பதில் சிறியது போதுமா என்று பார்க்கச் சொல்லும் இடத்தில் முயல், எலியோடு தவளையையும் சேர்த்திருக்கிறது. பாவம், சட்டத்திலும் அது தப்பவில்லை.) பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுப்பதை நிறுத்தச் சொன்னதோ 2014-இல். நடுவில் 54 ஆண்டுகள்.

"அப்படியானால் விலங்குகளில் சோதித்து வந்த தடுப்பூசியே போடாதே" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருவார். போடுவேன். நானும் மாத்திரை விழுங்குகிறவன்தான். விடை தெரியாத கேள்விக்கு, வேறு வழியே இல்லாதபோது, வலியைக் குறைத்து, எண்ணிக்கையைக் குறைத்துச் செய்யும் ஆய்வை நான் எதிர்க்கவில்லை. ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1959-லேயே சொன்னது அதுதான்: மாற்று, குறை, செம்மைப்படுத்து. அழகுசாதனப் பொருளை விலங்குகளில் சோதிப்பது அந்தக் கணக்கில் வராது. அதை இந்தியா 2014-இல் தடை செய்தது சரி.

எனக்கு உறுத்துவது விடை தெரிந்த பிறகும் செய்வது. ஆய்வுக்கு அனுமதி கேட்கும் படிவத்தில், மாற்று வழி ஏன் உதவாது என்று விளக்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் வழக்கமான இரண்டு வரியை எழுதிக் கொடுத்தால், நெறிமுறைக் குழு அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். நூலகத்தில் தேடினாயா, குடுவையில் வளர்த்த செல்களில் முயன்றாயா, முப்பது எலி எதற்கு, பத்து போதாதா என்று குடைய வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி கத்தரியைத் தொட மறுத்தாள். வகுப்பிலேயே அழகான தவளைப் படம் அவளுடையதுதான். செய்முறையில் அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பூஜ்யம். இரண்டு தவளைகளைத் தீர்த்த எனக்குப் பத்துக்கு எட்டு.