நூலகத்தின் கதை நேரத்துக்கு எதற்குக் கட்டணம்?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள எங்கள் பகுதியின் கிளை நூலகத்துக்கு, இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சென்று சிறுவர்களுக்குக் கதை சொல்லி, தமிழ் எழுத்துகளையும் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்பவர்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் இப்பிள்ளைகளுக்குத் தமிழில் தம் பெயரை எழுதத் தெரிந்திருக்கவில்லை.

அங்கே இரண்டு அலமாரிகள் நிறையத் தமிழ் நூல்கள் இருந்தன. நாளிதழ் படிக்க வரும் முதியவர்களையும் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும் தவிர வேறு எவரும் உள்ளே வராததால், அந்நூல்களை எடுப்பார் இல்லை. சென்ற கோடையில் ஒரு சிறுமி, நான் பாதியில் நிறுத்திய கதையின் முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்று அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சன்னலோரம் அமர்ந்து ஒரு மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் மூன்றாவது. தம் இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து 1972இல் இங்கேயே மறைந்த அப்பெரியவரின் விதிக்கு, அந்தச் சன்னலோரத்தில்தான் எனக்குப் பொருள் விளங்கியது. புத்தகத்தை வாங்கி அடுக்குவதோடு நூலகத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. வாசகரை அதனிடம் அழைத்து வருவதும் அதன் வேலைதான்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, மாதம் ஐம்பது ரூபாயாவது வாங்குங்கள் என்று நண்பர்கள் சிலர் நல்லெண்ணத்துடன் சொல்கிறார்கள். நான் இதை முற்றிலும் மறுக்கிறேன். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐம்பது ரூபாய் கேட்டால், முதலில் நிறுத்தப்படுபவள் மூத்த பெண்தான். மேலும், இது எவரும் போடும் பிச்சை அன்று. 1965ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது நூலகச் சட்டத்தின்படி, நகரங்களில் சொத்து வரியுடன் அதில் 6 விழுக்காடு நூலக வரியாகவும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர்களும் தாம் கொடுக்கும் வாடகையின் வழியே அதைச் சுமக்கிறார்கள். ஏற்கெனவே செலுத்திய பணத்துக்கு ஈடாகக் கதை நேரம், எழுத்து வகுப்பு, பாட்டு, நாடகம் ஆகியவற்றைக் கேட்பது அவர்களின் உரிமை.

தேர்வுப் பயிற்சி போதுமே, பாட்டும் நாடகமும் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. பொங்கலை ஒட்டிப் பிள்ளைகள் நடித்த பத்து நிமிட நாடகத்தைப் பார்ப்பதற்காகவே பல தாய்மார்கள் முதல்முறையாக அந்தப் படியேறி வந்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்ந்தும் பேருந்துப் பலகையைப் படிக்க முடியவில்லை, எங்களுக்கும் கன்னட எழுத்து சொல்லித் தருவீர்களா என்று அவர்களில் ஒருவர் அன்று கேட்டார். கன்னட ஆசிரியை ஒருவர் மகிழ்ச்சியோடு முன்வந்திருக்கிறார். அத்தாய்மார்கள் வேலை முடித்து வீடு திரும்பவே ஏழு மணி ஆகிவிடுகிறது; அதற்குள் நூலகம் பூட்டப்பட்டுவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள்களேனும் இரவு எட்டரை வரை திறந்துவைக்குமாறு மனு எழுதியிருக்கிறோம். இப்பகுதியில் வசிக்கும் அன்பர்கள் வரும் ஞாயிறு காலை நூலகத்துக்கு வந்து அதில் கையெழுத்திட வேண்டுகிறேன்.