எத்தனை இலை போடுவது?

மார்ச் கடைசியில் மகனுக்கு இங்கே அமெரிக்கக் கல்லூரிகளின் அட்மிஷன் முடிவுகள் வந்தபோது எங்களை அதிகம் குழப்பியது, அவன் பட்டியலின் அடியில் 'இது எப்படியும் கிடைத்துவிடும்' என்று எழுதி வைத்திருந்த கல்லூரிதான். பக்கத்து மாநிலம், தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே சேருபவர்களின் சராசரி எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைவிட அவனுடையது நன்றாகவே மேலே. அங்கே வெயிட்லிஸ்ட். அதைவிடக் கஷ்டம் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த இரண்டு இடங்களில் அட்மிஷன்.

"ஏதோ கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும், போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் மனைவி. நான் பள்ளி கவுன்சலரிடம் கேட்டேன். அவர் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த கேம்பஸைப் போய்ப் பார்த்தீர்களா?" இல்லை. இரண்டு மணி நேர கார் தூரம்தான், ஆனாலும் போகவில்லை. வீட்டுக்கு வந்து மகனின் ஜிமெயிலைத் திறந்து பார்த்தால், அந்தக் கல்லூரி ஒன்றரை வருடமாக அனுப்பிய முப்பத்தேழு மின்னஞ்சல்கள் ப்ரமோஷன்ஸ் பெட்டிக்குள் திறக்கப்படாமல் கிடக்கின்றன. இவன் எப்படியும் வரப்போவதில்லை என்று அவர்கள் முடிவு கட்டியிருக்கலாம் என்றார் கவுன்சலர்.

அப்படி முடிவு கட்டியிருந்தால் அது சரிதான். அவன் போயிருக்க மாட்டான். அதனால்தான் எனக்கு இரண்டு மடங்கு எரிச்சல்.

இந்த விஷயத்துக்கு இங்கே யீல்டு என்று பெயர். இடம் கொடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் உண்மையில் வந்து சேருகிறார்கள் என்ற கணக்கு. நம்மூர்க் கல்யாணத்தில் சமையல்காரர் கேட்கும் கேள்விதான் இது. ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்தால் எத்தனை இலை போடுவது? குறைத்துப் போட்டால் மானம் போகும், கூட்டிப் போட்டால் சோறு வீணாகும். ஹார்வர்டில் இடம் கிடைத்தால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நாட்டின் மற்ற கல்லூரிகளைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் மூன்றில் ஒருவர் வந்தாலே பெரிது.

கல்லூரியின் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. 2017இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் எதிர்பார்த்ததைவிட 850 பேர் கூடுதலாக 'வருகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். கோடை விடுமுறை நடுவில் ஏறக்குறைய 500 பேரின் அட்மிஷனை, சான்றிதழ் தாமதம், கடைசி வருட மதிப்பெண் என்று காரணம் காட்டி ரத்து செய்தது நிர்வாகம். ஊரே கூச்சல் போட்ட பிறகு பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2019இல் வர்ஜீனியா டெக்கில் ஏறக்குறைய ஆயிரம் பேர் அதிகமாக வந்து, 'ஒரு வருடம் கழித்து வாருங்கள், சலுகை தருகிறோம்' என்று கெஞ்ச வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கம், 50 பேர் குறைந்தால் ஒரு சின்னக் கல்லூரிக்கு அந்த வருட பட்ஜெட்டில் ஓட்டை.

பழியில் நமக்கும் பங்கு உண்டு. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் ஒரே விண்ணப்பத்தை 20 கல்லூரிகளுக்கு அனுப்பலாம். நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் இருக்கும் தெருவில் பன்னிரண்டுக்குக் குறைவாகப் போட்ட பிள்ளையை எனக்குத் தெரியாது. எல்லோரும் எல்லா இடத்துக்கும் போட்டால், யாருக்கு எங்கே உண்மையான ஆசை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, இதுவரை எனக்குப் புரிகிறது. எத்தனை இலை என்று கணக்குப் போடுவது சமையல்காரரின் தொழில். ஆனால் 'இவர் வர மாட்டார்' என்று தோன்றுகிறவர்களுக்குப் பத்திரிகையே வைக்காமல், அப்புறம் 'நாங்கள் கூப்பிட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள்' என்று பெருமை பேசினால்? வெகு காலம் அந்தப் பெருமைக்குக் கூலியும் இருந்தது. யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் தரவரிசைக் கணக்கில் யீல்டு 2003 வரை இருந்தது. எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்பது 2018 வரை இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டார்கள், பழக்கம் போகவில்லை. கல்லூரிகள் வாங்கும் கடனுக்குத் தரம் போடும் மூடீஸ் போன்ற நிறுவனங்கள் இன்றும் யீல்டு எண்ணைப் பார்க்கின்றன.

எந்தக் கல்லூரி 'இவர் வருவாரா' என்பதைக் கணக்கில் எடுக்கிறது என்பது ஒன்றும் ரகசியமில்லை. காமன் டேட்டா செட் என்று ஒரு படிவத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் வருடா வருடம் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் 'விண்ணப்பதாரரின் ஆர்வம்' என்று ஒரு வரி இருக்கும். வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கன் யூனிவர்சிட்டி அதற்கு நேராக 'மிக முக்கியம்' என்று குறித்திருக்கிறது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி 'பார்ப்பதில்லை' என்கின்றன. அவர்களுக்கு என்ன, பார்க்கத் தேவையில்லை. விண்ணப்பக் கட்டணத்தை எண்ணிப் பார்த்த நான் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

ஆர்வத்தை எப்படி அளக்கிறார்கள் என்று படித்தபோதுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. மின்னஞ்சலைத் திறந்தானா, உள்ளே இருந்த சுட்டியை அழுத்தினானா, இணையதளத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்தான் என்பதையெல்லாம் சேகரிக்கும் மென்பொருள் இருக்கிறது. 2017இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, கேம்பஸுக்கு நேரில் வந்து போன பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டது. அதுவும் மதிப்பெண் அதிகம் உள்ள பிள்ளைக்குத்தான் அந்த வருகை கூடுதலாக உதவுகிறது. காசும் நேரமும் செலவழித்து வந்தவன் சும்மா சொல்ல மாட்டான் என்பது தர்க்கம். தர்க்கம் சரி. அந்தக் காசு யாரிடம் இருக்கிறது? நான் இரண்டு மணி நேரம் கார் ஓட்டச் சோம்பல்பட்டவன், எனக்கு மன்னிப்பு வேண்டாம். டெக்சஸில் அப்பா ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் வீட்டுப் பிள்ளை, விமான டிக்கெட் எடுத்து வந்தா ஆசையை நிரூபிக்க வேண்டும்?

ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய ஆர்வச் சீட்டு எர்லி டெசிஷன். நவம்பர் 1க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு 'இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிடுவேன்' என்று பிள்ளை, பெற்றோர், கவுன்சலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரிக்கு அந்தப் பிள்ளையின் யீல்டு ஏறக்குறைய நூறு. முன்கூட்டியே விண்ணப்பிப்பது எஸ்ஏடியில் நூறு மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்குச் சமம் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருபது வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அக்டோபரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு நடந்தது. மகனுக்கு ஓர் இடம் ரொம்பப் பிடித்திருந்தது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 85,000 டாலருக்கு மேல். உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்று இணையத்தில் கால்குலேட்டர் இருக்கிறது, அது சொல்வது தோராயம். நான்கு கல்லூரிகளின் கடிதத்தை மேஜையில் வரிசையாக வைத்து ஒப்பிட்டால்தான் எங்களால் முடிவெடுக்க முடியும். ஏப்ரல் வரை பொறுத்திருப்போம்டா என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வகுப்பில் எங்களைவிட வசதியான வீட்டுப் பையன் அதே கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டான், டிசம்பரில் இடம் கிடைத்தது. நல்ல பையன், நன்றாகப் படிப்பவன். அவனுக்கு ஆசை அதிகம், என் மகனுக்குக் கம்மி என்று எந்தத் தராசு சொல்லும்? விலை கேட்காமல் வாங்க ஒருவரால் முடிந்தது, இன்னொருவரால் முடியவில்லை. பணம் போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, தெரியும். டிசம்பரில் அப்படி விலகியவன் ஜனவரி கெடுவுக்குள் மற்ற விண்ணப்பங்களுக்கு ஓட வேண்டும்.

2025 ஆகஸ்டில் முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் மீது, இந்த ஏற்பாடு போட்டியைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றுகிறது என்று மாணவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நான் நீதிபதியாக இருந்தால் என்று மனைவியிடம் ஆரம்பித்தேன். நீங்கள் முதலில் அந்த முப்பத்தேழு மெயிலைப் படியுங்கள் என்றாள்.

1999இல் நான் அப்பாவுடன் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கவுன்சலிங் போன நாள் நினைவுக்கு வந்தது. மடியில் சான்றிதழ் ஃபைல், பையில் எலுமிச்சை சாதம். திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மிச்சமிருக்கும் இடங்கள் குறைந்துகொண்டே வரும். நாங்கள் மனதில் வைத்திருந்த இடத்தில் மூன்று, இரண்டு, ஒன்று. என் முறை வந்தபோது நான் விரும்பியதைச் சொன்னேன், தாள் அச்சாகி வந்தது. எந்தக் கல்லூரியும் என்னிடம் 'நீ உண்மையில் வருவாயா' என்று கேட்கவில்லை. மதிப்பெண்ணை மட்டும் வைத்து மனிதனை அளக்கும் அந்த முறையின் கோளாறு வேறு, அதைத் தனியாகத் திட்டலாம். ஆனால் ஆசையைச் சொன்னதற்கோ சொல்லாததற்கோ அங்கே தண்டனை இல்லை.

வேடிக்கை என்னவென்றால் இதற்கான விடையை அமெரிக்காவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1962இல் கேல், ஷாப்லி என்ற இரு கணிதக்காரர்கள் எழுதிய ஏழு பக்கக் கட்டுரை, இதே சிக்கலை வைத்துத்தான் தொடங்குகிறது: விண்ணப்பித்தவன் வேறு எங்கே போட்டிருக்கிறான், எதை மேலே வைத்திருக்கிறான் என்று கல்லூரிக்குத் தெரியாது. இரு பக்கமும் தங்கள் வரிசையைக் கொடுக்கட்டும், கணக்கு பொருத்தட்டும் என்றார்கள். 2012இல் ஷாப்லிக்கு நோபல் பரிசே கிடைத்தது. டாக்டர் படிப்பு முடித்தவர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்குவது இங்கே இப்படித்தான் நடக்கிறது. எதற்காக அந்தக் கட்டுரை எழுதப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டும் இங்கே அதைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் நவம்பரில் ஆளைப் பூட்டிப்போடும் வசதி போய்விடுமே.

இன்னொன்று, இது நம் வீட்டுச் சங்கதி. நமக்கு ஆசையை வெளியே காட்டி வளரத் தெரியாது. பெண் பார்க்கப் போன வீட்டில் பிடித்திருந்தாலும் 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று எழுந்து வந்த பரம்பரை. 'எங்கள் கல்லூரி ஏன்?' என்று 250 வார்த்தைக் கட்டுரை கேட்டபோது என் மகன் எழுதிய முதல் வரி, 'உங்கள் கல்லூரியில் நல்ல கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை இருக்கிறது.' உண்மை. அதே வரியை ஒன்பது இடங்களுக்கு அனுப்பியிருந்தான்.

வெயிட்லிஸ்ட் போட்ட கல்லூரி ஏப்ரலில் மறுபடி எழுதியது. இன்னும் ஆர்வம் இருந்தால் ஒரு கடிதம் அனுப்பலாமாம். மகன் அதையும் திறக்கவில்லை. அவன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டிவிட்டான், சந்தோஷமாகவே இருக்கிறான்.

மகள் பத்தாவது. போன வாரம் அவளுக்கு முதல் கல்லூரி மின்னஞ்சல் வந்தது. குப்பையில் போடப் போனவளைத் தடுத்து, திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்த சுட்டியையும் அழுத்தச் சொன்னேன். பக்கம் திறந்ததும் மூடப் பார்த்தாள். உடனே மூடாதே, ஒரு ரெண்டு நிமிஷம் கிடக்கட்டும் என்றேன்.