மனைவியை இழந்த அந்த உழவனைத் திட்டும் முன்

அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன பழைய விவசாயிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாக விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி, பொஹீமியா என்று எங்கெங்கிருந்தோ கப்பலேறி நெப்ராஸ்கா, டகோட்டா புல்வெளிகளில் போய் இறங்கியவர்கள். அவர்களில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வந்துவிட்டால், பேசுகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, "ஒத்தை ஆளாக நின்று பிள்ளைகளை வளர்த்தான், தாயுமானவன்." இல்லையென்றால், "ஈரம் காயும் முன்னே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான், கைக்குழந்தையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான்." இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் அரசு நிலம். குடியுரிமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குடிமகனாகும் எண்ணத்தை முறைப்படி பதிவு செய்திருந்தால் போதும். (அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.) ஆனால் 5 வருடம் அங்கேயே குடியிருந்து உழ வேண்டும். தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால் உரிமை போய்விடும். சரி, இரண்டாவது வருடத்தில் பிரசவத்தில் மனைவி இறந்துவிடுகிறாள். என்ன செய்வான்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து தன் தாயிடம் போய்த் திரும்புவதற்குள் ஒரு விதைப்புப் பருவமே போய்விடும். கப்பல் கூலிக்குப் பணமும் இருக்காது.

அவள் போனதில் வீட்டின் வருமானமும் போனது. இதை யாரும் பேசுவதே இல்லை. கோழி, பால், வெண்ணெய் எல்லாம் பெண்களின் பொறுப்பில்தான் இருந்தன. முட்டையும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துத்தான் சர்க்கரை, காப்பி, துணி எல்லாம் வாங்கினார்கள். கோதுமைக் காசு வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் ஆலங்கட்டி மழையும் வெட்டுக்கிளியும் விட்டுவைத்தால். 1874-ல் வெட்டுக்கிளிகள் வந்து வயல்களைத் தின்று தீர்த்த பகுதி அது.

அந்த வீடுகளையும் பார்க்க வேண்டும். மரம் கிடைக்காத நிலம். அதனால் புல்தரையையே வேரும் மண்ணுமாகப் பாளம் பாளமாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கூரையும் பெரும்பாலும் அதே மண்தான். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும். சாலமன் புட்சர் என்பவர் 1886-லிருந்து நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அந்தக் குடும்பங்களைப் படம் எடுத்தார். வாசலில் நாற்காலி போட்டு, குதிரை, மாடு, தையல் மெஷின் என்று இருப்பதையெல்லாம் பக்கத்தில் நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படங்களில் என் கண் போவது மூத்த பெண்பிள்ளைகள் மேல்தான். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை.

"தாயுமானவன்" என்ற புகழ்ச்சி மறைப்பது இவளைத்தான். அம்மா போன வீட்டில் விடிகாலை அடுப்பு மூட்டியவள், தம்பி தங்கைக்குத் தலைவாரிவிட்டவள், பள்ளிக்கூடத்தை விட்டவள் இவள். அவன் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஏரின் பின்னால் நடந்தான். இருவரும் சேர்ந்துதான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தார். அத்தை வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். அப்புறம் சித்தி. அப்பா இரவில் தனியாக அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அழ நேரம் இருந்தது, ஏனென்றால் எங்களுக்குச் சோறு போட வேறு கைகள் இருந்தன. புலம்பெயர்ந்தவன் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தது அந்தக் கைகளைத்தான். அடுத்த வீடு ஒரு மைல் தள்ளி, அங்கே பேசுவது வேறு மொழியாகவும் இருக்கலாம். தாய்ப்பால் இல்லாத சிசு பிழைப்பதே அரிதான காலம் அது. பால் கொடுக்கிற ஒரு பெண்ணிடம் தன் குழந்தையைக் கொடுத்தவனைக் கல்நெஞ்சக்காரன் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைய அநாதை இல்லங்களிலும் தகப்பனோ தாயோ உயிரோடு இருந்த பிள்ளைகள் ஏராளம். கூலி வேலைக்குப் போகும் தகப்பன் வேறு வழியில்லாமல் கொண்டுவந்து விட்டது. சீக்கிரம் மறுமணம் செய்தவனையும் அப்படித்தான் பார்க்கிறேன். வந்த இரண்டாவது மனைவிக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஐந்து வருடம் முடிந்ததும் இரண்டு சாட்சிகளோடு போய், குடியிருந்ததையும் உழுததையும் நிரூபித்தால்தான் பட்டா. பிற்காலப் படிவங்களில் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், எத்தனை நாள் வெளியே போயிருந்தான் என்பதோடு, குடும்பத்தில் யார் யார் என்றும் ஒரு கேள்வி இருந்தது. மனைவியோடு வந்து அந்த நிலத்தில் குடியேறியவன், பட்டா வாங்கும் நாளில் அந்த இடத்தில் பிள்ளைகளை மட்டும் சொல்லியிருப்பான்.