சால் நீளம்

என் தாத்தா தூரத்தைப் பர்லாங்கில் சொல்வார், நிலத்தை ஏக்கரில் சொல்வார். இரண்டும் வெள்ளைக்காரர் காலத்துச் சொற்கள் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. பர்லாங்கு என்றால் ‘சால் நீளம்’ என்று படித்த அன்று அவர் நினைவுதான் முதலில் வந்தது. வாழ்நாள் முழுவதும் ஏர் பிடித்தவர் அவர்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஃபுர்ஹ்’ என்றால் உழவுச்சால். ‘லாங்’ என்றால் நீளம். இடைக்கால இங்கிலாந்தில் பெரிய வெளிகளை நீண்ட பட்டைகளாகப் பிரித்து உழுதார்கள். பல மாடுகள் பூட்டிய கனத்த கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு என்பதால், ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியுமோ அவ்வளவு ஓட்டினார்கள். அந்தச் சால்தான் பிற்பாடு 220 கெஜம் என்று நிலைத்தது. அதற்கு 22 கெஜம் அகலம் வைத்தால் 4,840 சதுர கெஜம், அதாவது ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்பதே ஏக்கரின் பழைய பொருள். நம் பத்திரங்களில் இன்றும் எழுதப்படுகிற அளவுக்குள் யாரோ ஓர் ஆங்கில உழவனின் ஒரு நாள் உழைப்பு இருக்கிறது.

அன்றிலிருந்து ஆங்கில நாட்டுப்புறத்தின் விவசாயச் சொற்களைத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கோபமும் வளர்ந்தது. அந்தச் சொற்களை, படிக்காதவன் சிதைத்துப் பேசிய ஆங்கிலம் என்று பள்ளிக்கூடங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்தன. சிதைவு என்று ஒதுக்கப்பட்ட பல சொற்கள் உண்மையில் புத்தக ஆங்கிலத்தைவிட மூத்தவை.

வடக்கு இங்கிலாந்தில் அகழெலியை ‘மோல்டிவார்ப்’ என்பார்கள். கேட்டால் யாரோ வாய்க்கு வந்தபடி உளறியது போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் ‘மோல்ட்’ என்பது மண், ‘வார்ப்’ என்பது எறிதல். மண்ணை எறிவது. ஜெர்மன் மொழியில் அதே பிராணிக்கு ‘மவுல்வுர்ஃப்’ என்று பெயர். இரண்டும் உறவுச் சொற்கள். மேற்கு மாவட்டங்களில் அதையே ‘ஊன்ட்’ என்பார்கள், அது தள்ளும் மண்குவியலுக்கு ‘ஊன்டிடம்ப்’ என்று தனிப் பெயர். ஒரே எலிக்கு இத்தனை பெயரா என்று கேட்பவர், அது ஒரே இரவில் புல்வெளியை மேடும் பள்ளமுமாக்கிவிட்டுப் போவதைப் பார்த்திருக்க மாட்டார்.

‘ஆஃப்டர்மாத்’ என்ற சொல்லைப் போர், புயல், வெள்ளம் பற்றிய செய்திகளில் தினமும் படிக்கிறோம். பேரழிவுக்குப் பின் எஞ்சும் நிலை. அந்த ‘மாத்’ பழைய ஆங்கிலத்தில் புல்லறுப்பு. கோடையில் உலர்தீவனத்துக்காகப் புல்லை அறுத்த பிறகு மறுபடி துளிர்த்து வரும் இளம்புல்தான் ஆஃப்டர்மாத். நெல்லிலும் கரும்பிலும் நாம் மறுதாம்பு என்று சொல்வதற்கு மிக நெருக்கம். பசுமையான ஒரு சொல்லுக்கு இப்படியொரு கதி நேர்ந்ததே என்று ஒவ்வொரு முறை செய்தித்தாளில் பார்க்கும்போதும் மனம் வருந்துகிறது.

இந்தச் சொற்களுக்கு நீதி செய்தவர் என்று நான் மனதார மதிப்பது ஜோசப் ரைட்டை. 1855இல் யார்க்‌ஷயரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார், பிறகு ஆலை வேலை. பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அவரே பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார். அவர் கேலிக்கு அஞ்சித் தன் ஊர்ப்பேச்சை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறைக்கவில்லை. தன் சொந்த ஊர்ப்பேச்சுக்கே முழு இலக்கணம் எழுதினார்.

இன்னொரு தீங்கு, அன்பு காட்டுவதாக நினைத்துச் செய்யப்படுவது. சொல்லுக்குப் பொய்ப் பிறப்புக் கதை கட்டுவது. ‘த்ரெஷோல்ட்’ என்றால் வாசற்படி. வீட்டுத் தரையில் பரப்பிய வைக்கோல் வெளியே வராமல் தடுத்த பலகை என்பதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. பொய். முன்பாதி மிதித்தல், போரடித்தல் என்ற பொருள் கொண்ட வினையோடு தொடர்புடையது. பின்பாதி எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களே முடிவு கட்டவில்லை. அதைத் தெரியாது என்று விட்டுவைப்பதுதான் அந்தச் சொல்லுக்கு நாம் காட்டும் மரியாதை.

ஆடு எண்ணும் எண்களிலும் இதே சிக்கல். வடக்கு மேய்ப்பர்களும் லிங்கன்‌ஷயர் மேய்ப்பர்களும் ‘யான், டான், டெதரா, பெதரா, பிம்ப்’ என்று எண்ணினார்கள். பத்து ‘டிக்’, பதினைந்து ‘பம்ஃபிட்’, பதினாறு ‘யான்-அ-பம்ஃபிட்’, அதாவது பதினைந்தின்மேல் ஒன்று. வேல்ஸ் மொழியிலும் ஐந்து ‘பிம்ப்’, பத்து ‘டேக்’. பதினாறை அங்கும் பதினைந்தின்மேல் ஒன்று என்றே சொல்வார்கள். உறவு தெளிவு. ஆனால் ஆங்கிலேயர் வருமுன் அங்கிருந்த மக்களின் எண்கள் அதே மலைகளில் இடையறாமல் வாழ்ந்தன என்று அடித்துச் சொல்வதற்குப் பழங்காலப் பதிவு எதுவும் இல்லை. பிற்காலத்தில் வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பாரும் உண்டு. முதல் எண்ணான ‘யான்’ வடக்கத்தி ஆங்கிலத்தின் ‘ஒன்று’தான். எனக்கு இந்தக் கலப்பே போதும். இருபது எண்ணி முடித்ததும் ஒரு கூழாங்கல்லை எடுத்துவைத்துவிட்டு மறுபடி யானிலிருந்து தொடங்கியவனுக்கு ஆடு தவறாமல் இருந்தால் சரி.

டிராக்டர்கள் குதிரைகளை வெளியேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், 1950 முதல் 1961 வரை, லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வட்டாரச் சொற்களைத் திரட்ட 313 ஊர்களுக்குப் போனார்கள். 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள். பெரும்பாலும் வயதான விவசாயிகளையே தேடிப் பிடித்து உட்கார்ந்தார்கள். கேள்விப் பட்டியல் பண்ணையில்தான் தொடங்கியது. மாடு கட்டும் இடத்தை என்னவென்று சொல்வீர்கள்? வடகோடியில் ‘பயர்’ என்றார்கள். மேற்கு யார்க்‌ஷயரில் ‘மிஸ்டல்’. லங்காஷயரில் ‘ஷிப்பன்’.

ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடத்தில் கேட்மன் என்ற மாட்டுக்காரர் இருந்தார். விருந்தில் யாழ் கைமாறித் தன்னை நெருங்கும்போது பாடத் தெரியாத வெட்கத்தில் எழுந்து போய்விடுவார். அப்படிப் போய் உறங்கிய ஓர் இரவில்தான் கனவில் அவருக்குப் பாட்டு வந்தது என்று பீட் பாதிரியார் 731இல் லத்தீனில் எழுதினார். நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான். அந்தக் கதையின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில், கேட்மன் எழுந்து போய்ப் படுத்த மாட்டுக்கொட்டகைக்கு இருக்கும் சொல், லங்காஷயர்க் கிழவர் சொன்ன அதே ஷிப்பன்.