சிஎஸ்ஐ கல்யாணமும் திருவருட்சாதனம்தான்

ராயபுரம் அண்ணே, 'சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட் சபை) கோயில்ல நடந்த கல்யாணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை திருவருட்சாதனமா (கடவுளோட அருளைத் தர்ற புனிதச் சடங்கா) ஏத்துக்காது'ன்னு போட்டிருக்கீங்க. தப்பு. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1055-ஆம் பிரிவைப் பாருங்க: ஞானஸ்நானம் வாங்கின ரெண்டு பேருக்குள்ள செல்லுபடியாகிற கல்யாணம்னா அதுவே திருவருட்சாதனம். லத்தீன் முறையில (பெரும்பாலான கத்தோலிக்கர் பின்பற்றுற வழிபாட்டு முறை) அதை வழங்குறதே மணமக்கள்தான்; சாமியார் சாட்சி.

எங்க காசிமேட்டு சித்தப்பாவும் சித்தியும் சிஎஸ்ஐயில இருந்து வந்தப்போ, பங்குச் சாமியார் பழுப்பேறின ஞானஸ்நானச் சீட்டையும் கல்யாணச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார், அவ்ளோதான். மறுபடி தாலி கட்டச் சொல்லல (சித்திக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், புதுப்புடவை போச்சே).

நீங்க குழப்பிக்கிட்டது இதுவா இருக்கும்: ஒருத்தர் கத்தோலிக்கரா இருந்து, ஆயர்கிட்ட (பிஷப்) விலக்கு (விதியிலேர்ந்து சிறப்பு அனுமதி) வாங்காம சிஎஸ்ஐயில கட்டினா செல்லாது. இந்துவைக் கட்டினா? முறைப்படி விலக்கு வாங்கினா செல்லும். ஆனா திருவருட்சாதனம் ஆகாது. அவங்க பின்னாடி ஞானஸ்நானம் வாங்கினா தானா ஆயிடும்.